நீலம் அவருக்கு, பச்சை எனக்கு

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் ஆலங்காயம். வேலூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். ஆம்பூரில் ஏன் தங்கினாய் என்று கேட்டதற்கு, "வீட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல இருக்கு ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் பேஜார் இல்ல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்து, அங்கிளிடம் ஒரு உதவி கேட்கவேண்டும் என்றாள். என் கணவர் குடியாத்தம் லுங்கியோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். உதவி என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அவள் கையில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கேமரா இருந்தது. அதைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொண்டால் போதும். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை, விட்டு விட்டுத் தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். அந்தப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டினால், மாட்டிக்கொண்டவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று அதுவே சொல்லும்.

"எந்தப் படத்துல இன்னா இருக்குன்னு நாம சொல்லித் தர மாட்டோம் அங்கிள். ஒரே மாதிரி இருக்கறத அதுவே பிரிச்சு, கட்டுக் கட்டா சேர்த்து வச்சிக்கும். இவரு தினம் இன்னா பண்றாரு, எதுக்கப்புறம் எது பண்றாருன்னு அதுவே கண்டுபிடிக்கும்."

"அந்தப் படத்தெல்லாம் யாரு பாப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க ஆன்ட்டி. முகமெல்லாம் தானா மறைஞ்சிடும். கம்ப்யூட்டர்தான் பாக்கும். ஒவ்வொரு கட்டுலயும் மாதிரிக்கு ஒண்ணு ரெண்டு மட்டும் நான் பாத்து, அதுக்கு ஒரு பேர் வைப்பேன். அவ்ளோதான்."

காலேஜ் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தாளாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்ததாம். போன், வகுப்பு, போன், தூக்கம். வேலைக்குப் போகிற பெரியவர்கள் வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"என் வேலை கொஞ்சம் நுணுக்கமான வேலை. உன் கம்ப்யூட்டருக்குப் புரியுமான்னு பாரு" என்றார் என் கணவர்.

அவருக்கு ஒரு டேனரியில் வேலை. பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பார். கொசு கடித்த தழும்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

படி ஏறப் போனவள் பாதியில் நின்று, "ஆன்ட்டி, இன்னொண்ணு சும்மாதான் இருக்கு. நீங்களும் மாட்டிக்கறீங்களா?" என்றாள். அப்படித்தான் எனக்கும் ஒன்று வந்தது.

நான் வேலை செய்வது தோல் கையுறை தைக்கிற ஒரு சின்ன கம்பெனியில். தைத்து முடித்த கையுறைகளைச் சூடான இரும்புக் கைமேல் மாட்டி, சுருக்கம் எடுத்து, விரல் விரலாகத் தையலைப் பார்த்து அனுப்பவேண்டும். கேமரா போட்டுக்கொண்டு உள்ளே வரலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "கையுறைல இன்னாம்மா ரகசியம்? எல்லாருக்கும் விரல் ஒரே இடத்துலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். டேனரியிலும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கேமராவும் பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால், அந்தப் பெண் ஒன்றின்மேல் நீலப் பொட்டும் மற்றதன்மேல் பச்சைப் பொட்டும் ஒட்டியிருந்தாள். நீலம் அவருக்கு, பச்சை எனக்கு. ராத்திரியில் இரண்டையும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து சார்ஜ் போடவேண்டும். முதல் நாள் காலையில் அவர் வந்து, கைக்குப் பக்கத்தில் இருந்த பச்சையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"அது எனுதுங்க. நீலம்தான் உங்குளுது."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

எனக்குக் கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டது. நீலத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். மறுநாளும் அவர் பச்சையைத்தான் எடுத்தார். அதற்கப்புறம் அது பழக்கமாகி, விடிவதற்கு முன் எழுந்ததுமே நான் நீலத்தை மாட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். எனக்கும் மறந்துபோயிற்று.

முதல் சில நாள் அவர் நடையுடையெல்லாம் மாறியது. அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். செய்தித்தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தார். பக்கத்து வீட்டம்மா அவர் சட்டையில் கறுப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்துவிட்டு, இருதயத்தில் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு, எங்களுக்கு ஒரு பப்பாளிப் பழம் கொடுத்தனுப்பினார். அவர் அதை மறுக்காமல் சாப்பிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் கேமரா நெஞ்சில் இருப்பதே அவருக்கு நினைவில்லாமல் போய், பழையபடி லுங்கிக்கும் டி.வி.க்கும் திரும்பிவிட்டார். என் நடையில் மாற்றம் ஒன்றும் இல்லை. கேமராவுக்காகத் தனியாக ஏதாவது செய்ய எனக்கு நேரம் இருக்கவில்லை.

சில வாரம் கழித்து அவள் வந்து கேமராக்களை வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இதுவரைக்கும் வந்ததுலயே உங்க நாள்தான் பெஸ்ட்! கம்ப்யூட்டர் பிரிச்சிக்கினே போவுது. எத்தன வேல! எங்க சார் பாத்துட்டு அசந்துட்டாரு."

என் கணவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு கோடாக, கலர் கலராக ஒரு படம். ஒரு கோடு ஒரு நாளாம். ஒரு கலர் ஒரு வேலையாம். விடிவதற்கு முன்பே சமையல். அப்புறம் பாத்திரம், இஸ்திரி, டப்பா கட்டுவது. சாயங்காலம் மார்க்கெட், துணி மடிப்பது, மறுபடி சமையல்.

"மாடியிலதான் இருக்கேன், அங்கிள் சமைப்பாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள் அவள். எனக்கும்தான் தெரியாது.

"பகல்ல பாருங்க. விடாம யாருக்கோ கை குடுத்துக்கினே இருக்கீங்க. தோல் பிரிக்கற வேலைல இவ்ளோ பேர பாக்கணுமா அங்கிள்?"

அது இரும்புக் கைமேல் மாட்டிய கையுறைகள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீலமும் பச்சையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"வர்றவங்க போறவங்க ஜாஸ்தி" என்றார் அவர்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்துக்கொண்டு, "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. கம்ப்யூட்டர் சில சமயம் தப்பும் பண்ணும். பகல் முழுக்க உங்களுக்கு முன்னாடி பழுப்பா, பெருசா, போர்வை மாதிரி ஒண்ணு விரிச்சிருக்குது. அதனால படுத்திருக்கறதா பேர் வச்சிருக்கேன். உங்க கம்பெனில ரெஸ்ட் எடுக்க ரூம் இருக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"சாயங்காலம் வந்து டி.வி. அப்புறம் போன். மறுபடி டி.வி. உடம்பு ஏதாச்சும் சரியில்லையா ஆன்ட்டி?"

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு பீன்ஸை நறுக்கினேன். அன்றைக்குப் பொரியலில் பீன்ஸ் மிகவும் பொடியாக இருந்தது. கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்து சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவள் மேலே போனதும், "பாவம், ஆசையா வந்து சொல்லிச்சு. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லன்றது?" என்றார். அப்புறம் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அந்த மாதக் கடைசியில் காலேஜில் ஒரு விழா வைத்தார்கள். ஆராய்ச்சிப் பிள்ளைகள் தாங்கள் செய்ததை எல்லாருக்கும் காட்டுவார்களாம். கேமரா மாட்டிக்கொண்ட எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். முக்கியமாக அங்கிள் கட்டாயம் வரவேண்டும், சார் மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்யப்போகிறார் என்றாள் அந்தப் பெண். அவர் வெள்ளைச் சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

குளிரூட்டிய பெரிய அரங்கம். முன் வரிசையில் எங்களுக்கு இடம். மேடையில் அந்தப் பெண் மைக்கைப் பிடித்து நன்றாகவே பேசினாள். எங்கள் பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. திரையில் அந்தக் கலர்க் கோடுகள் சுவர் அளவுக்கு விரிந்தன. வீட்டில் லேப்டாப்பில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இங்கே அவ்வளவு பெரிதாகப் பார்க்கும்போது, ஒரு கலர் முடிவதற்குள் இன்னொரு கலர் வந்து ஏறிக்கொண்டிருந்தது. யாரிந்த மனுஷி, ஒரு இடத்தில் உட்காரவே மாட்டாளா என்று இருந்தது. அது நான்தான் என்று தெரிந்தும் அந்த நினைப்பு போகவில்லை. காலேஜில் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

அடுத்தது என் கோடு என்று அவள் காட்டியது ஒரே பழுப்பு. அதை வேகமாகத் தாண்டிவிட்டாள். எனக்காகத்தான்.

பேராசிரியர் மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். என் கணவரை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு சால்வை போர்த்தினார். "வேலைக்கும் போய்க்கிட்டு வீட்டையும் இப்படிப் பார்த்துக்கிறவங்க ரொம்ப கம்மி. சார் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கைக் கொடுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெண் பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள்.

"எல்லாம் பழக்கம்தான்" என்றார் என் கணவர்.

ஒரு மாணவி எழுந்து, "சார், சமையல் எப்படி கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"அது… பாத்துப் பாத்து வந்திடுச்சு."

சமையலறைப் பக்கம் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

அத்தோடு விட்டிருந்தால் வீட்டுக்கு வந்திருப்போம். ஆனால் பேராசிரியருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "இந்த ஒரு கட்டுக்கு மட்டும் எங்களால பேர் வைக்க முடியல சார். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியறதுக்கு முன்னாடி வருது. கறுப்பா ஒரு சதுரம், அதுக்குள்ள ஒரு கை, மஞ்சளா ஏதோ ஒண்ணு. இது இன்னான்னு சார் சொன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார்.

திரையில் படம் வந்தது.

எங்கள் கேட்டுக்கு உள்ளே தரையில் ஒரு குழி. அதன் அடியில் குடிதண்ணீர்க் குழாய். மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்பதால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் குழாய் குழிக்குள்தான். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள், இருட்டு கலைவதற்குள், இரும்பு மூடியைத் தள்ளிவிட்டு, மண்டி போட்டு, கையை உள்ளே விட்டு மஞ்சள் டியூபைச் செருகவேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பிடிக்கிறேன். வீட்டில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். சொம்பில் இருக்கும்.

அவர் திரையைப் பார்த்தார். பேராசிரியர் உதவி செய்வதாக நினைத்து, படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கறுப்புக்குள் இருந்த கை தெளிவானது. மணிக்கட்டில் இரண்டு வளையல். எல்லாரும் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்ததால் வளையலை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கவனித்தார். எனக்கு அது தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த மேடைச் சிரிப்பு மெதுவாக இறங்கிப்போயிற்று.

"இது இன்னான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார் மைக்கில். அப்புறம், "இது என் கை இல்ல. அவங்க கை. அவங்களதான் கேக்கணும்" என்று என்னைக் காட்டினார். "நீலம் எனுதுன்னு குடுத்தாங்க. நான் பச்சைய மாட்டிக்கினேன். நீங்க சொன்ன எந்த வேலையும் நான் பண்றதில்ல."

மேடை ஓரத்தில் நின்ற எங்கள் மாடிப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அழுகிற மாதிரி நின்றாள்.

பேராசிரியர் யோசித்தார். "அப்ப மேடம் பகல்ல தூங்கறதில்லையா?"

"அது தூக்கம் இல்லீங்க. மாட்டுத் தோலு" என்றார் என் கணவர்.

"கை குடுக்கறது?"

"கையுறைங்க" என்று நான் கீழேயிருந்து சொன்னேன்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் அரங்கமே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். சிரித்து முடித்து, அந்தப் பெண்ணிடம் திரும்பி, "பயப்படாதம்மா. கம்ப்யூட்டர் சரியாத்தான் பிரிச்சிருக்கு. பேர் வச்சதுதான் நாம. ரெண்டு பேரையும் மாத்திப் போட்டா முடிஞ்சுது" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லார் முன்னாலும் லேப்டாப்பில் மாற்றிப் போட்டாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

என் கணவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். சால்வையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இந்தா, மடிச்சு பைல வை" என்றார். மடித்து வைத்தேன்.

அப்புறம்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் சால்வைக்குத் திரும்பிப் பார்த்தார். அவர்களிடம் வேறு சால்வை இல்லை. நான் பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை உதறி எனக்குப் போர்த்தினார். குழியைப் பற்றி எல்லாருக்கும் சொன்னேன். ஒரு மாணவி எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றாள். அதற்கும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் அவர் கேட்டார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல நீ?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நெஜமா சொல்றேன். மொதல்ல எனக்கே தெரியல. அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல, நாம இவ்ளோ பண்றோம் போலருக்குதேன்னு தோணிச்சு. சமையல்னு சொன்னப்பதான் ஒரு மாதிரி இருந்திச்சு. அதுக்குள்ள தலையாட்டிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவர் போய் பிரியாணி வாங்கி வந்தார். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். எழுந்து பார்த்தால் பக்கத்தில் அவர் இல்லை. வெளியே வந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். ஒரு கை தோள்வரை உள்ளே. டியூபைச் செருகத் தெரியாமல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். குழி நிரம்பி, அவர் சட்டையெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்து பார்த்து, "ஐயோ, மாருல வலியா?" என்று கத்திவிட்டார்.

"மொதல்ல டியூபு, அப்புறம் குழாய்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே வந்தேன். போய்ப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தண்ணீர் அவர் வேலை. சமையல் இன்னும் என் வேலைதான். இஸ்திரியில் அவர் சட்டையை அவரே போடுகிறார். காலரில் சுருக்கம் இருக்கும். நான் சொல்வதில்லை. மாடிப் பெண் படிப்பை முடித்துவிட்டு, திருப்பத்தூரில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கப் போய்விட்டாள். போகும்போது என் கோட்டைக் கலரில் அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். அதைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் புடவை டிசைனா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறார் அவர்.

தண்ணீர் வருகிற நாளில் எனக்கு இப்போதும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வெளியே இரும்பு மூடியை அவர் இழுக்கிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.